வெட்டாமல் விட்ட மேல் மூன்று படிகள்

இந்த ஆண்டு ஜூன் கடைசியில் கிளேர் தொலைபேசியில் அழைத்தாள். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்த திராட்சைத் தோட்டத்தை இப்போது நடத்துபவள் அவள்தான். என்னை வேலைக்கு எடுத்த மதாம் ஒடிலின் தம்பி மகள்.

"லிங்கா, இந்த முறை மேல் மூன்று படிகளில் பச்சைக் குலை வெட்டப்போவதில்லை. வெயில் கூடிவிட்டது, பழத்தில் சீனி அளவுக்கு மேல் ஏறுகிறது. குலைகளை அப்படியே விட்டால் பழுப்பது பிந்துமாம். நீங்கள் ஒரு தடவை அப்படி விட்டிருக்கிறீர்கள் என்று அத்தை சொன்ன ஞாபகம். எவ்வளவு பிந்தியது என்று எங்கள் ஆட்களுக்கு வந்து சொல்ல முடியுமா?"

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கொஞ்சம் கோபமும் வந்தது. எந்தப் பிழையை நினைத்து ஒரு வருடம் முழுக்கக் குமைந்தேனோ, அதே பிழை இப்போது விவசாய முறையாகிவிட்டது. வந்து நின்று கதை சொல்ல எனக்குக் கூச்சம், எழுதித் தருகிறேன் என்றேன். தமிழில்தான் எழுதுவேன், என் மகள் பிரெஞ்சில் மாற்றித் தருவாள். ஆகையால் இதை வாசிக்கும் கிளேரின் ஆட்கள் அவசரப்படாமல் வாசிக்கவேண்டும். வெறும் கணக்கு மட்டும் வேண்டுமென்றால் அதையும் சொல்லிவிடுகிறேன்: மூன்று வாரம் பிந்தியது. மிச்சம் அந்த மூன்று வாரத்தின் கதை.

நான் எண்பதுகளின் நடுவில் அகதியாக சுவிஸுக்கு வந்தவன். என்னோடு வந்தவர்கள் சூரிச், பேர்ன், ஓல்டன் என்று ஜெர்மன் பேசும் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். என்னை வலே மாநிலத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு பக்கமும் மலை, நடுவில் ரோன் ஆறு, மலைச்சரிவு முழுக்கக் கல் அணை கட்டிய படிப்படியான நிலங்கள், படி முழுக்கத் திராட்சை. அதைக் கண்டதும் எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது. ஏனென்றால் எனக்கு அந்தத் தொழில் தெரியும் என்று நினைத்தேன். உரும்பிராய்ப் பக்கம் நானே குத்தகைக்கு நிலம் எடுத்து, பந்தல் போட்டு, திராட்சை செய்தவன். எங்கள் ஊரில் அதை முந்திரிகை என்போம். பெரிய பெரிய குலை, சாப்பிடும் பழம், கொழும்பு வரைக்கும் லொறியில் போகும்.

அந்தத் தலைக்கனத்தோடுதான் மதாம் ஒடிலிடம் வேலைக்குப் போனேன். அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம். இடது முழங்கால் சரியில்லை. தனியாள். சரிவில் ஏறும்போது ஒரு வார்த்தை பேசமாட்டார். நின்று மூச்சு வாங்கிய பிறகுதான் பேச்சு. விரலால் எதையும் காட்டமாட்டார், கையிலிருக்கும் கத்தரிக்கோலால்தான் காட்டுவார். நான் ஒரு கொடியைச் சரியாகச் செய்தால் கத்தரிக்கோலின் பிடியால் கம்பத்தில் ஒரு தட்டு. பிழையாகச் செய்தால் சத்தமே இல்லை. என்னை விலக்கிவிட்டு அதே வேலையைத் திரும்பத் தானே செய்து காட்டுவார். அந்தத் தட்டைக் கேட்பதற்காகவே நான் வேலை செய்த நாட்கள் உண்டு.

முதல் வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குளிரில் கொடி வெட்டினேன். மழைக்கு வழிந்த மண்ணை முதுகுக் கூடையில் அள்ளி மேல் படிக்குச் சுமந்தேன். சரிந்த அணைக்குக் கல் அடுக்கினேன். பிரெஞ்சில் முப்பது சொல் படித்தேன், அதில் இருபது கெட்ட வார்த்தை, அணை கட்டியவர்களிடம் படித்தவை.

இரண்டாம் வருடம்தான் சிரா காய்க்கத் தொடங்கியது.

சிரா என்பது இதே ரோன் ஆற்றின் கீழ்ப்பக்கம், பிரான்ஸில் பேர்போன கறுப்புத் திராட்சை. இன்று எங்கள் பள்ளத்தாக்கில் சிரா செய்யாத வைன்காரரைக் காண்பது கடினம். அப்போது அப்படியில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வரிசைகள் இருந்தன. எல்லாரும் வெள்ளைத் திராட்சைதான் போட்டிருந்தார்கள், அதுவும் தாராளமாகக் காய்க்கவிட்டு. இரண்டு பெரிய விளைச்சல் அடுத்தடுத்து வந்ததில் வெள்ளை வைன் விற்காமல் தேங்கிக் கிடந்தது. மதாம் ஒடில், தன் அப்பா நட்ட வெள்ளைக் கொடிகளில் எட்டுப் படிகளைப் பிடுங்கிவிட்டு சிரா நட்டிருந்தார். ஊரே சிரித்தது. பக்கத்து நிலத்துக் கிழவர் மார்செல், அப்பாவின் கல்லறைக்கு எந்த முகத்தோடு பூ வைக்கப்போகிறாய் என்று அணைக்கு மேல் நின்றபடி கேட்டாராம்.

மதாம் ஒடிலிடம் பழம் வாங்கும் வைன் வணிகர் கடைசியில் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார். நிலவறையில் ஒரு சின்னத் தொட்டியை சிராவுக்கென்று ஒதுக்குவார். ஆனால் இரண்டு நிபந்தனை. எட்டுப் படிப் பழமும் வந்து தொட்டி நிறையவேண்டும். சாற்றை அளந்தால் சீனி தொண்ணூற்றைந்து டிகிரிக்குக் குறையக்கூடாது. ஒன்று தவறினாலும் எல்லாம் பொதுச் சிவப்பு வைன் தொட்டிக்குள் போய்விடும். அதற்குப் பிறகு சிரா என்ற பேர் எந்தப் போத்தலிலும் இருக்காது. மதாம் ஒடில் அப்பாவின் கொடிகளைப் பிடுங்கியதற்கு அர்த்தம் அந்தச் சின்னத் தொட்டி ஒன்றுதான்.

ஜூலை கடைசியில் என்னைக் கூப்பிட்டுப் பச்சைக் குலை வெட்டக் காட்டித் தந்தார். ஒரு கிளைக்கு ஒரு குலை. இரண்டு இருந்தால் மேலே இருப்பதை வெட்டு. குலையின் தோளிலிருந்து பக்கத்தில் பிரியும் சிறு குலையைக் கிள்ளு. குலைகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஒரு கொடியில் ஆறுக்கு மேல் இருக்கக்கூடாது. வெட்டியது நிலத்திலேயே கிடக்கட்டும். அவர் வெட்ட வெட்ட, பச்சை மணிகளோடு முழுக் குலைகள் என் சப்பாத்துக்கு மேல் விழுந்தன.

எங்கள் பந்தலில் முதல் குலை பிள்ளையாருக்குப் போகும்வரை கத்தரிக்கோல் பந்தலுக்குள் வராது. பிஞ்சில் கைவைத்தால் அடுத்த காய்ப்புப் போய்விடும் என்று பயம். பந்தல் செய்யும் எவரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். கீழ் ஐந்து படிகளிலும் அவர் கூடவே நின்றதால் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினேன். மேல் மூன்றும் செங்குத்து. முழங்கால் காரணமாக அவர் அங்கே ஏறுவதில்லை. "மேல் மூன்றையும் நீ முடி" என்று சைகையால் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் மேலே போய், இரண்டு நாள், ஒரு குலையும் வெட்டவில்லை.

இரக்கத்தால் மட்டும் என்று சொன்னால் அது பொய். எனக்கு முந்திரிகை தெரியும், இந்த மனுஷிக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். அறுவடையன்று மேல் படிகளிலிருந்து இரண்டு பங்கு பழத்தை இறக்கிக் காட்டி அவரை அசத்திவிடலாம் என்று நினைத்தேன். இலைகளை மட்டும் ஒழுங்காகக் கிள்ளி, கொடிகளை நேராகக் கட்டி, கீழிருந்து பார்த்தால் வேலை முடிந்தது போலத் தெரியும்படி செய்தேன். இறங்கி வந்து, முடிந்தது என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் கம்பத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

ஓகஸ்ட் கடைசியில் கீழ்ப் படிகளின் குலைகள் கறுத்தன. சின்ன மணிகள், நாவற்பழக் கறுப்பு. மேல் மூன்று படிகளில் குலைகள் கொத்துக் கொத்தாக நிறைந்து தொங்கின, ஆனால் பாதி பச்சை, பாதி வெளிறிய சிவப்பு. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். மாறவில்லை. ஒரு மணியைக் கடித்தேன். புளிப்பில் பல் கூசியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு கொடி தன்னிடம் இருக்கும் இனிப்பை ஆறு குலைக்குக் கொடுக்கலாம், பன்னிரண்டுக்குக் கொடுக்க முடியாது. எங்கள் ஊர் வெயிலில் அது தெரியவில்லை.

ஊர் விடுதியில் என்னோடு அறையில் இருந்தவர் தவம் அண்ணை. எனக்கு மூன்று வருடம் முந்தி வந்தவர், ஹோட்டல் குசினியில் வேலை, பிரெஞ்சு பேசுவார். அவரிடம் போனேன்.

"அண்ணை, ஒருக்கா என்னோடை மதாமிட்டை வாங்கோ. ஒரு விசயம் கதைக்கவேணும்."

"என்ன, லீவோ?"

"இல்லை. பிழை விட்டிட்டன்." நடந்ததைச் சொன்னேன்.

"அவவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"பிறகேன் விசர்க் கதை கதைக்கிறாய்? வாயைப் பொத்திக்கொண்டு இரு. மேல் பக்கம் குளிர் கூட, அதாலை பிந்திப்போச்செண்டு நினைச்சுக்கொள்ளுவா. உன்னை ஆர் சந்தேகிக்கப்போகினம்?"

"அதுதானண்ணை பயமாயிருக்கு. என்னைப் பிழையெண்டு நினைக்கமாட்டா. கொடியைப் பிழையெண்டு நினைப்பா. மேல சிரா சரிவராதெண்டு பிடுங்கி எறிஞ்சுபோடுவா. அந்த மூண்டு படியும் இல்லாட்டித் தொட்டி ஒருநாளும் நிறையாது."

"வேலை போனால் எனக்குச் சொல்லிப்போட்டு அழாதை" என்று சொல்லிக்கொண்டே தவம் அண்ணை சப்பாத்தைப் போட்டார்.

மதாம் ஒடில் முற்றத்தில் அறுவடைப் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். தவம் அண்ணை சொல்லச் சொல்ல அவர் குழாயைப் பூட்டவில்லை; தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அவர் கேட்டது இரண்டே கேள்வி.

"எல்லாக் கொடியும் அப்பிடியோ, கொஞ்சமோ எண்டு கேக்கிறா."

"எல்லாம்."

"ஏன் வெட்டேல்லை எண்டு கேக்கிறா."

நான் பிள்ளையாருக்குப் போகும் முதல் குலையைப் பற்றிச் சொன்னேன். தவம் அண்ணை தலையில் கைவைத்தார். "உதை நான் என்னெண்டு பிரெஞ்சிலை சொல்லுறது? யானை முகச் சாமி எண்டால் மனுசி என்னையும் சேர்த்துக் கலைச்சுப்போடும்."

"சொல்லுங்கோ அண்ணை. எனக்கு எல்லாம் தெரியுமெண்டு நினைச்சுத்தான் செய்தனான் எண்டதையும் சொல்லுங்கோ."

சொன்னார். மதாம் ஒடில் குழாயைப் பூட்டினார். கையைத் துடைத்தார். கொக்கியிலிருந்து இரண்டு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு சரிவை நோக்கி நடந்தார்.

வழக்கமாக நான் பத்து நிமிடத்தில் ஏறும் இடம். அவருக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. ஒவ்வொரு அணையிலும் கையை ஊன்றி, நல்ல காலை முதலில் வைத்து, கெட்ட காலை இழுத்து ஏறினார். நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தார். பின்னால் ஏறிய எனக்கு அழுகை வந்தது. தண்டனை என்றால் அதுதான் தண்டனை, அதற்குப் பிறகு என்ன திட்டினாலும் எனக்கு உறைத்திருக்காது.

மேலே வந்ததும் ஒரு மணியைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். விதைகளை உள்ளங்கையில் துப்பி வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். விதை பச்சையாக இருந்தது. இன்னொரு கையில் கீழ்ப் படியிலிருந்து பறித்து வந்த மணி. அதன் விதை கபிலம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பிறகு முதல் குலையை அவரே வெட்டினார். இரண்டாவது கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினார்.

ஜூலையில் வெட்டியிருந்தால் பிஞ்சு விழுந்திருக்கும். இப்போது விழுந்தது சிவந்த பழம். ஊரில் என்றால் இன்னும் இரண்டு கிழமையில் சந்தைக்குப் போயிருக்கும் பழம். இரண்டு நாள் வெட்டினேன். பிந்தியதையெல்லாம் தேடித் தேடி வெட்டினேன், கொடிக்கு ஐந்தாகக் குறைத்தேன். என் காலடியில் பழம் நசிந்து, குளவி மொய்த்தது. கிழவர் மார்செல் தன் அணையிலிருந்து அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். அந்த ஊரில் பிஞ்சு வெட்டுவதைப் பாவம் என்று நினைத்தவன் நான் மட்டும் இல்லை. இரண்டு மாதம் முந்தியென்றால் நானும் அவரும் ஒரே கட்சி.

அதற்குப் பிறகு காத்திருப்புத்தான். கீழ்ப் படிகள் அறுவடைக்குத் தயாராகியும் மதாம் ஒடில் மேல் மூன்றுக்காகப் பொறுத்தார். ஒக்டோபரில் ஊரெல்லாம் அறுத்து முடித்துவிட்டது, எங்கள் சிரா மட்டும் சரிவில் நின்றது. மைனா மாதிரிக் கறுப்புக் குருவிகள் கூட்டமாக இறங்கின. வலை போட்டோம். வலை காணாத இடத்தில் நான் எண்ணெய் டின் ஒன்றை அடித்துக்கொண்டு விடியற்காலையிலிருந்து பொழுதுபடும்வரை நின்றேன். தெற்கிலிருந்து மலையைத் தாண்டிச் சூட்டுக் காற்று வீசும் நாட்களில் சீனி கொஞ்சம் ஏறியது. மதாம் ஒடில் தினமும் மாலையில் கீழே நிற்பார். நான் மேலேயிருந்து பத்து மணிகளைப் பறித்துக்கொண்டு இறங்குவேன். சாற்றில் ஒரு சொட்டைச் சின்னக் குழாயின் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே கோடு எத்தனையில் நிற்கிறது என்று தெரியும். எண்பத்திநாலு. எண்பத்தாறு. எண்பத்தெட்டு. கடைசிக் கிழமை மழை என்று வானொலி சொன்னது. அதற்கு முந்திய நாள் அறுத்தோம்.

வணிகரின் நிலவறையில் எல்லாப் பழத்தையும் சேர்த்து அளந்தார்கள். கீழ்ப் படிகள் தனியே தொண்ணூற்றாறு இருந்தன. மேல் மூன்றும் சேர்ந்ததும் தொண்ணூற்றுமூன்றுக்கு இறங்கியது. மேல் மூன்றைத் தள்ளிவிட்டால் தொட்டி நிறையாது. இரண்டு டிகிரியில் போய்விட்டது. வணிகர் நல்ல மனிதர்தான், நையாண்டி செய்யவில்லை. ஆனால் சொன்னது எனக்கு விளங்கியது: "மேல் பக்கம் இந்தக் கொடி பழுக்காது, ஒடில். பிடுங்கிவிட்டு வெள்ளையைப் போடு."

நான் மதாம் ஒடிலுக்குப் பின்னால் வெறும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை போதும், பழியை என் தலையில் போட்டுவிடலாம். இந்த அகதிப் பயல் சொன்னதைச் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய்யும் இல்லை. அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

"கொடியில் பிழை இல்லை," என்றார். "அடுத்த ஆண்டு."

எங்கள் சிரா முழுதும் பொதுச் சிவப்புத் தொட்டிக்குள் போனது. நான் நின்று பார்த்தேன்.

மாரிகாலம் முழுக்க, அவ உன்னை இனிக் கூப்பிடமாட்டா என்று தவம் அண்ணை சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கூப்பிடாவிட்டாலும் போய் வாசலில் நிற்பது என்று முடிவு செய்திருந்தேன். பிழை விட்ட கையோடு அந்த இடத்தை விட்டுப் போகக்கூடாது என்ற ஒரு வீம்பு. பெப்ரவரியில் கொடி வெட்ட வரச்சொல்லி ஆள் வந்தது.

அடுத்த இலையுதிர்காலத்தில் எட்டுப் படியும் தொண்ணூற்றேழில் நின்றன. சின்னத் தொட்டி நிறைந்தது. அதற்கு அடுத்த வருடம் வணிகர் பெரிய தொட்டிக்குப் பழம் கேட்டார். மார்செல் கிழவரின் மகன் நான்கு படியில் சிரா நட்டான். நாற்றுக் கட்டியது நான். நான் வைன் குடிப்பதில்லை, இன்றுவரை விழுங்கியதில்லை, வாயில் வைத்துத் துப்பிவிடுவேன். ஆனால் அந்த முதல் தொட்டியைச் சுவைத்தபோது ரசத்துக்கு இடித்த மிளகு மணந்தது இன்னும் நாக்கில் இருக்கிறது. வருடா வருடம் முதல் குலையை ஓல்டனுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் திரிம்பாக் கோயிலுக்குக் கொண்டுபோகிறேன். முதல் தடவை ஐயர் இது நாவற்பழமோ என்று கேட்டார். எங்கள் சிராவைப் பற்றி மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள், பரிசுகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை.

நான் சொல்ல வந்தது அதற்கெல்லாம் முந்தி, பிழை விட்டதற்கு அடுத்த வருட ஜூலை மாதத்தைப் பற்றி.

கீழ் ஐந்து படிகளையும் வெட்டி முடித்திருந்தோம். மதாம் ஒடில் மேலே ஏறப்போகிறார், என் கூடவே நின்று ஒவ்வொரு கொடியாகப் பார்க்கப்போகிறார் என்று நினைத்து, அவர் பிடித்து ஏற வசதியாக அணைகளில் இரும்புக் கம்பி அடித்து வைத்திருந்தேன். அவர் கம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கத்தரிக்கோலை என் கையில் தந்துவிட்டுத் திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் தனியே வெட்டினேன். கொடிக்கு ஆறு. மூன்றாம் நாள் இறங்கி வந்து, முற்றத்தில் உட்கார்ந்திருந்தவரிடம், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், மேலே வந்து பாருங்கள் என்றேன்.

"வெட்டிவிட்டாயா?"

"ஓம்." அவசரத்தில் தமிழில்தான் வந்தது.

அவர் எழும்பவில்லை. "பிறகு நான் எதற்கு ஏறவேண்டும்?" என்று கேட்டுவிட்டு, பக்கத்திலிருந்த கம்பத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.